வெளியே கிளம்பும் பயம்: ஆட்டிசம் உள்ள இளம்பெண் ஒருவருக்கு விரிவான பதில்

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இதே நிலையில் இருக்கும் வேறு சிலரும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு வயது 22. வீடு மதுரை திருநகரில். இருபது வயதில்தான் ஆட்டிசம் என்று தெரியவந்தது. பி.காம். படித்த மூன்று வருடமும் அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வந்தார். படிப்பு முடிந்ததும் வெளியே போவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒருநாள் மினி பஸ்ஸில் கண் இருட்டி, பேச்சு வராமல், இறங்கவேண்டிய இடத்தில் இறங்கவும் முடியாமல் போய்விட்டது. அதற்கப்புறம் வாசலைத் தாண்டவே முடியவில்லை. பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டேலி (கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் மென்பொருள்) வகுப்பில் சேர ஆசை இருக்கிறது. ஆனால் நாளைக்குப் போகவேண்டும் என்றாலே முந்தின ராத்திரியே வயிற்றைப் புரட்டுகிறது. வீட்டில் எல்லோரும் "பழகப் பழகச் சரியாயிடும்" என்கிறார்கள். அது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. எந்தப் பாதி என்று தெரியாமல் பழக ஆரம்பித்தால் இப்போது இருப்பதைவிட மோசமாகும். நான் உளவியலாளராக ஆட்டிசம் உள்ள இளைஞர்களோடு பல வருடமாக வேலை செய்கிறேன். வெளியே போக முடியாமல் தவிக்கிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இவருக்கு இருப்பதில் பயம் எவ்வளவு, வலி எவ்வளவு? பயம் பழகினால் குறையும். வலியைப் பழகச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது, கட்டாயப்படுத்தினாலும் பழகாது. உங்களுக்கு இரண்டும் இருக்கிறது என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்ததில் தோன்றுகிறது.

பயம் எப்படி வளர்கிறது என்பதைப் பாருங்கள். நாளைக்கு வெளியே போகவேண்டும். என்னென்ன ஆகலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பிக்கிறது. உடம்பு அதை நம்பி, இப்போதே ஆபத்து வந்துவிட்ட மாதிரி வயிற்றைப் பிசைகிறது, நெஞ்சு படபடக்கிறது. "சரி, நாளைக்குப் போகவேண்டாம்" என்று முடிவெடுத்த அடுத்த நிமிடம் எல்லாம் அடங்கிவிடுகிறது. அந்த நிம்மதி பெரிய நிம்மதி. ஆனால் மூளை அதிலிருந்து படித்துக்கொள்ளும் பாடம் வேறு: போகாமல் இருந்ததால்தான் தப்பித்தோம் என்று. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக எச்சரிக்கும். இப்படியே போனால் முதலில் பஸ் விட்டுப்போகும், அப்புறம் தெருமுனைக் கடை, கடைசியில் வாசல். இந்தச் சுழலை உடைக்க வெளியே போய்த்தான் ஆகவேண்டும். வீட்டில் சொல்வதில் உண்மையான பாதி இது.

இனி வலி. ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குச் சத்தம், வெளிச்சம், வாடை, தொடுகை இவையெல்லாம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பல மடங்கு கூர்மையாக வந்து விழும். மனநல மருத்துவர்கள் பின்பற்றும் டி.எஸ்.எம். கையேட்டின் 2013ஆம் வருட ஐந்தாம் பதிப்பு, இந்தப் புலன் வேறுபாட்டை ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஏர் ஹாரன் அடிக்கும்போது பக்கத்துச் சீட்டில் இருப்பவர் முகத்தைச் சுளித்துவிட்டு மறந்துவிடுவார். உங்களுக்கு அது பல்லில் ஊசி ஏற்றிய மாதிரி இருக்கலாம், அடுத்த ஹாரன் வரும்போதும் அதே அளவு இருக்கலாம். திரும்பத் திரும்பக் கேட்டால் மரத்துப்போவது என்பது எல்லா மூளைக்கும் ஒரே வேகத்தில் நடப்பதில்லை. ஆகவே இரைச்சலான பஸ்ஸில் தினமும் ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும் என்பது உங்கள் விஷயத்தில் பொய்யான பாதி. அப்படிச் செய்தால் வலி அப்படியே இருக்கும், அதன் மேல் பயம் கூடுதலாக ஏறும்.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ராத்திரி, உங்கள் அறையில், ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தமே இல்லாதபோது வயிறு புரட்டுகிறதென்றால் அது பயம். அங்கே வலிக்க ஒன்றுமே இல்லை. பஸ் ஸ்டாப்பில் சாதாரணமாக நின்றுகொண்டிருந்து, ஒரு லாரி கடந்துபோனதும் தலைக்குள் ஏதோ உடைந்த மாதிரி இருந்து, காதை மூடியதும் பாதி குறைந்தால் அது வலி. ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எப்போது, எங்கே, உடம்பில் எந்த இடத்தில், என்ன செய்ததும் குறைந்தது. "எனக்கு என்ன தோணுதுன்னே எனக்குத் தெரியல" என்று எழுதியிருந்தீர்களே, அதுவும் ஆட்டிசம் உள்ள பலருக்கு இருப்பதுதான். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கவேண்டாம். வயிறு, தோள், தாடை, உள்ளங்கை என்று உடம்பை மட்டும் எழுதினால் போதும்.

பயிற்சி எதையும் தொடங்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது பொதுவாக ரத்த அழுத்தம் ஏறும். அதனால் மயங்கிவிடுவோம் என்ற பயம் வருமே தவிர, நிஜமாக மயங்கி விழுவது அபூர்வம். உங்களுக்குக் கண் இருட்டியது வேறு காரணத்தாலும் இருக்கலாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஆட்டிசம் உள்ள சிலருக்குப் பசியும் தாகமும் நேரத்துக்குத் தெரியாது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். அன்றைக்குக் காலையில் சாப்பிட்டீர்களா, தண்ணீர் குடித்தீர்களா, மாதவிலக்கு நாளா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள், அவருக்கு நினைவிருக்கும். ஹீமோகுளோபின், தைராய்டு, படுத்திருந்து எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எவ்வளவு மாறுகின்றன என்பது: இவற்றை ஒரு பொது மருத்துவர் பார்த்தால் போதும். உடம்பில் இருக்கும் குறையை வைத்துக்கொண்டு மனதைப் பழக்குவது வீண்பாடு.

இன்னொரு விஷயமும் உங்கள் கடிதத்தில் உறுத்துகிறது. மூன்று வருடம் கல்லூரியில் மற்றப் பெண்களைப் போலவே சிரித்து, கண்ணைப் பார்த்துப் பேசி, கேன்டீன் இரைச்சலில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் படுத்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படித் தன்னை மறைத்துக்கொண்டு நடந்துகொள்வதை மாஸ்கிங் என்கிறார்கள். பெண்களுக்கு ஆட்டிசம் என்று தாமதமாகத் தெரியவருவதற்கு அதுவும் ஒரு காரணம். இன்வெர்ட்டர் பேட்டரியிலேயே மூன்று வருடம் வீட்டை ஓட்டிய மாதிரி, சார்ஜ் ஏற நேரமே கொடுக்கவில்லை நீங்கள். படிப்பு முடிந்ததும் எல்லாம் படுத்துவிட்டது. முன்னால் சுலபமாகச் செய்த சமையல், குளியல், போனில் பேசுவது எல்லாம் இப்போது மலைப்பாக இருக்கிறதா? சத்தம் முன்னைவிட அதிகமாக வலிக்கிறதா? அப்படியென்றால் இது ஆட்டிசத்தோடு வரும் பர்ன்அவுட் ஆக, அதாவது தாங்கித் தாங்கிச் சக்தியெல்லாம் தீர்ந்துபோன நிலையாக இருக்கலாம். அப்போது முதல் மருந்து ஓய்வு. சில வாரங்களுக்கு இலக்கு எதுவும் வைக்கவேண்டாம், விருந்தாளி வந்தால் வெளியே வந்து உட்காரவேண்டாம். ஆனால் ஓய்வு என்பது அறைக்குள் அடைந்து கிடப்பதாக ஆகிவிடக் கூடாது. வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் தினமும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வானத்துக்குக் கீழே நிற்பது விட்டுப்போகாமல் இருந்தால் அப்புறம் தெருவுக்கு இறங்குவது அவ்வளவு கடினமாக இருக்காது.

உங்கள் வீட்டைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நீங்கள் பையனாக இருந்திருந்தால் இரண்டு மாதத்திலேயே "ஏன் இவன் வீட்டை விட்டு அசையமாட்டேங்கறான்" என்று கேட்டிருப்பார்கள். பெண் பிள்ளை வீட்டோடு இருந்தால் நம் ஊரில் அதற்கு அடக்கம் என்று பெயர். சொந்தக்காரர்கள் பாராட்டிவிட்டுப் போவார்கள். அந்தப் பாராட்டுக்குப் பின்னால் ஒரு பெண் மூச்சுமுட்டிக்கொண்டிருப்பது யாருக்கும் தெரிவதில்லை. வேலை, மேற்படிப்பு, கல்யாணப் பேச்சு என்று ஏதாவது வரும்போதுதான் வெளியே தெரிகிறது. நீங்கள் அதற்கு முன்னாலேயே கேட்டிருக்கிறீர்கள், அது ரொம்ப நல்லது. இது உங்களுக்கு மட்டும் வந்ததும் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஓர் அலசல், ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் ஏறக்குறைய 42 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு கட்டத்தில் பதற்றக் கோளாறு வந்திருக்கிறது என்கிறது.

சரி, செய்யவேண்டியதற்கு வருவோம். வலியைக் குறைக்கும் ஏற்பாடு முதலில், பயத்தைப் பழக்குவது அப்புறம். இந்த வரிசை மாறக்கூடாது.

காதுக்குள் செருகும் ஃபோம் இயர்பிளக் மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும், விலையும் குறைவு. காதுக்குள் ஏதாவது இருந்தாலே ஆகாது என்றால், காதை வெளியிலிருந்து மூடும், பட்டறைகளில் போட்டுக்கொள்ளும் இயர்மஃப் வாங்கலாம். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் ஒரு காதிலிருந்தாவது எடுத்துவிடுங்கள், ஹாரன் கேட்கவேண்டும். வீட்டில் நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்காதீர்கள். அப்படி இருந்தால் சாதாரணச் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்க ஆரம்பிக்கும். வெயிலுக்குக் குடை, கூலிங் கிளாஸ். கழுத்தில் உறுத்தும் லேபிளை வெட்டிவிட்ட, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சுடிதார். வாடைதான் பிரச்சினை என்றால் (பஸ்ஸில் முன்சீட்டில் நாலு பேர் தலையிலும் மல்லிகைச்சரம் இருந்தால் மதுரையில் தப்பவே முடியாது) உங்கள் வீட்டுச் சோப்பு வாசம் உள்ள கைக்குட்டை ஒன்று. "இதெல்லாம் போட்டுக்கிட்டுப் போனா நாலு பேர் என்ன நினைப்பாங்க" என்று அம்மா கேட்பார். கண்ணாடி போட்டவரைப் பார்த்து யாரும் எதுவும் நினைப்பதில்லை. சில மாதம் போனால் இயர்மஃபும் அப்படித்தான்.

எந்த நாளில், எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்பதைத் தேர்ந்தெடுப்பதும் வலியைக் குறைக்கும் வழிதான். இதில் உங்கள் ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். திருநகரிலிருந்து பெரியார் போகிற பஸ் திருப்பரங்குன்றத்தைத் தாண்டித்தான் ஆகவேண்டும். முருகனுக்கும் தெய்வானைக்கும் கல்யாணம் நடந்த இடம் என்பதால் முகூர்த்த நாள் வந்தால் அந்த ரோடு பூராவும் கல்யாண வேன், மேளம், வெடி. பௌர்ணமியில் கிரிவலக் கூட்டம், மாதாமாதம் கார்த்திகை நட்சத்திர நாளிலும் கூட்டம். ஆகவே வீட்டுத் தினசரி காலண்டரில் அடுத்த மாதத் தாள்களைப் புரட்டி முகூர்த்தம், கார்த்திகை, பௌர்ணமி மூன்றையும் சிவப்பில் வட்டம் போட்டுவிடுங்கள். தொடக்கத்தில் அந்த நாள்கள் உங்களுக்கு லீவு. சித்திரைத் திருவிழா சமயத்தில், அழகர் ஆற்றில் இறங்குவதை ஒட்டிய நாள்களில், டவுன் பக்கமே வேண்டாம். பழகியவர்களுக்கே அந்தக் கூட்டத்தில் மூச்சுத் திணறும்.

மினி பஸ்ஸில் ஏறியதுதான் அன்றைக்கு உங்களைக் கவிழ்த்தது என்று நினைக்கிறேன். தனியார் பஸ்ஸிலும் மினி பஸ்ஸிலும் ஸ்பீக்கரில் பாட்டு அலறும். பெண்கள் பெரும்பாலும் முன்பக்கம்தான் நிற்கிறார்கள். அங்கேதான் இன்ஜின் சூடு, கியர் சத்தம், டிரைவர் அடிக்கும் ஹாரன் எல்லாம். பின்னால் கண்டக்டர் விசில். யோசித்துப் பாருங்கள், ஒரே சமயத்தில் எத்தனை பக்கத்திலிருந்து தாக்குதல்! அரசு டவுன் பஸ்ஸில் பெரும்பாலும் பாட்டு இருக்காது. 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் இல்லை என்பதால் சில்லறைத் தகராறும் கிடையாது; இறங்கும் இடத்தைச் சொன்னால் டிக்கெட் கைக்கு வந்துவிடும். காலை எட்டு முதல் பத்து வரை வேண்டாம், பதினொரு மணி வாக்கில் கூட்டம் வடிந்திருக்கும். வழியில் ஏறுவதைவிட பஸ் கிளம்புகிற இடத்திலேயே ஏறினால் ஜன்னலோரம் கிடைக்கும். அதற்காக அப்பா உங்களைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் விடவேண்டியிருந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து போவது பாதி வெற்றி.

இதையெல்லாம் செய்தபிறகு மிச்சம் இருப்பதுதான் பயம். அதைப் பழக்குவோம்.

வெளியே போவது என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம், ஆனால் அதற்குள் தூரம், நேரம், கூட வருகிற ஆள், சத்தம், என்ன நடக்கும் என்று தெரியாமை எல்லாம் அடங்கியிருக்கின்றன. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கூட்டுங்கள். அப்பாவோடு தெருமுனைவரை போக வந்துவிட்டது என்றால், அடுத்தது தனியாகத் தெருமுனை, அல்லது அப்பாவோடு இன்னும் கொஞ்சம் தூரம். தனியாகவும் தூரமாகவும் சாயங்காலக் கூட்டத்திலும் ஒரே நாளில் என்றால் எது கவிழ்த்தது என்றே தெரியாமல் போகும்.

உங்களுக்கு வாசலிலேயே ஒரு தடை இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். செருப்பை மாட்டுகிறீர்கள். கேட் கொண்டியை எடுக்கும் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டு அத்தை கோலப்பொடிக் கிண்ணத்தோடு நிமிர்ந்து பார்க்கிறார். "எங்கம்மா கிளம்பிட்ட? தனியாவா? அப்பா வரலயா?" மூன்று கேள்வி. அவர் பிரியமாகத்தான் கேட்கிறார். ஆனால் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள்: பதில் தயாரிப்பதற்குள் காது சூடாகி, திரும்பி உள்ளே வந்துவிடுவேன் என்று. பாதி நாள் நீங்கள் தோற்பது பஸ்ஸிடம் இல்லை, இந்தக் கேள்விகளிடம். இதற்கு வழி உண்டு. ஒரே ஒரு பதிலை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "கடைக்குப் போயிட்டு வர்றேன் அத்தை." எங்கே போனாலும் அதுதான் பதில், பொய்யாக இருக்கிறதே என்று தோன்றினால் நிஜமாகவே வரும்போது கடையில் ஒரு பேனா வாங்கிக்கொள்ளுங்கள். நிற்கவேண்டாம், சொல்லிக்கொண்டே நடக்கலாம். இன்னும் நல்லது, அம்மாவே ஒருநாள் அவரிடம் போய், "பாப்பா இப்ப நடந்து பழகுது, கிளம்பறப்ப பேசினா கொஞ்சம் தடுமாறும், திரும்பி வர்றப்ப பேசுங்க" என்று சொல்லிவிடுவது. கிளம்பும்போது எங்கே என்று கேட்கக்கூடாது என்ற வழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பெரியவர்களுக்கு அதை நினைவுபடுத்தினாலே போதும்.

முதல் சில நாள்கள் காலை ஆறு மணிக்கு, தெரு காலியாக இருக்கும்போது, கேட்டுக்கு வெளியே போய் நில்லுங்கள். போகவேண்டாம், நில்லுங்கள். பதற்றம் ஏறும். அது கொஞ்ச நேரம் ஏறி, அப்புறம் தானாக இறங்கும். உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். இறங்க ஆரம்பிப்பதை நீங்கள் பார்த்துவிட்டு உள்ளே வரவேண்டும். உச்சத்தில் ஓடி வந்தால் மூளை பழைய பாடத்தையே படிக்கும். ஆனால் சத்தமோ வெளிச்சமோ வலிக்க ஆரம்பித்தால் அந்த நிமிடமே உள்ளே வாருங்கள், அதில் குற்ற உணர்ச்சி எதுவும் வேண்டாம். பயத்தில் பொறுத்து நிற்பது, வலியில் உடனே விலகுவது. நோட்டில் எழுதிப் பழகியிருந்தால் இரண்டையும் அந்த இடத்திலேயே பிரிக்க வந்துவிடும்.

அது வந்தபிறகு தெருமுனைக் கடை. அப்புறம் பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்து, எந்த பஸ்ஸிலும் ஏறாமல் நாலைந்து பஸ் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஆனால் எனக்கு இது முக்கியமான படி. பஸ் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, ஆள்கள் எப்படி ஏறுகிறார்கள் என்று ஏறவேண்டிய அவசரம் இல்லாமல் பார்த்தால் தெரியாமை பாதி கரைந்துவிடும். அப்புறம் திருப்பரங்குன்றம்வரை, அங்கே இறங்கும் இடத்தில் அப்பா பைக்கோடு நிற்கட்டும். அப்புறம் பசுமலை, பழங்காநத்தம். பெரியார் கடைசியில். முழு வழியையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா பின்னால் உட்கார்ந்து போய், ஒவ்வொரு ஸ்டாப்பையும், டேலி வகுப்பு இருக்கும் கட்டடத்தையும், மாடிப்படியையும், கழிப்பறை எங்கே என்பதையும் போனில் படம் எடுத்து வரிசையாக வைத்துக்கொள்ளுங்கள். முந்தின ராத்திரி கற்பனை ஓடும்போது அந்தப் படங்களைப் பாருங்கள். கற்பனையைவிட நிஜம் பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்கும்.

திட்டத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பஸ் வராவிட்டால் என்ன, ஸ்டாப்பைத் தவறவிட்டால் என்ன என்று நாலைந்துக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நாற்பதுக்கு எழுத ஆரம்பித்தால் திட்டம் போடுவதே கிளம்பாமல் இருப்பதற்கான வழியாகிவிடும். ஒரு பக்கத்துக்குமேல் போனால் நிறுத்திவிடுங்கள்.

போய்ப் பழக அமைதியான இடங்களும் வேண்டும், எல்லா வெளியும் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருந்தால் யாருக்கு ஆசை வரும்? புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் குளுகுளுவென்று அமைதியாக இருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. காந்தி மியூசியத்தில் மர நிழல். மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வண்டி விடுவதில்லை. விடிந்த நேரத்தில் நடக்க அதைப்போல இடம் இல்லை. உங்களுக்குப் பிடித்த விஷயம் எது என்று நீங்கள் எழுதவில்லை. அது எதுவாக இருந்தாலும், அது கிடைக்கும் இடத்துக்குப் போவதாக ஒரு பயணமாவது இருக்கட்டும்.

வெளியே போய் நடுவில் சிக்கிக்கொண்டால்? பேச்சு நின்றுபோவது ஷட்டவுன். அது பிடிவாதமோ நாடகமோ இல்லை. தாங்கும் அளவைத் தாண்டியதும் மூளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி. பேச்சை வரவழைக்கப் போராடாதீர்கள். ஒரு அட்டை எழுதி போன் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்: "எனக்கு ஆட்டிசம் உள்ளது. இப்போது என்னால் பேச முடியவில்லை. நீங்கள் பேசுவது புரிகிறது. உட்கார இடம் கொடுங்கள், தொடவேண்டாம். இது என் அப்பா எண்." பெரிய எழுத்தில், தமிழில். கண்டக்டரிடம் நீட்டினால் போதும். நம் ஊர் பஸ்ஸில் ஒரு பெண் தடுமாறினால் பத்துப் பேர் சூழ்ந்து முகத்தில் தண்ணீர் தெளித்து, தோளைப் பிடித்து உலுக்குவார்கள். நல்ல மனசுதான், ஆனால் உங்களுக்கு அது இன்னும் மோசம். "தொடவேண்டாம்" என்ற வரியை அதற்காகத்தான் சேர்க்கச் சொன்னேன்.

மூச்சை இழுத்து விடச் சொல்லி எல்லோரும் சொல்வார்கள். மூச்சைக் கவனித்தால் பதற்றம் கூடுகிறவர்களும் இருக்கிறார்கள், நீங்கள் அந்த வகையா என்று வீட்டிலேயே சோதித்துப் பாருங்கள். அப்படியென்றால் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பலமாக அழுத்துவது, குளிர்ந்த தண்ணீர் பாட்டிலைக் கழுத்தில் வைப்பது, மடியில் கனமான பையை வைத்துக்கொள்வது, வாய்க்குள் முணுமுணுப்பது இவற்றில் ஏதாவது உதவும். விரல்களை ஆட்டுவதோ முன்னும் பின்னும் அசைவதோ உங்களை அமைதிப்படுத்துகிறது என்றால் செய்யுங்கள். சின்ன வயதில் "கையை ஆட்டாதே" என்று தட்டி வளர்த்திருப்பார்கள். அந்தத் தடையை இனி நீக்கிவிடலாம். வெளியே போய் வந்த பிறகு இரண்டு மூன்று மணி நேரம் யாரும் எதுவும் கேட்காத நேரமாக இருக்கவேண்டும்; "என்ன ஆச்சு, எப்படி இருந்துச்சு" எல்லாம் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

அம்மா அப்பாவிடம் இந்தப் பகுதியைப் படிக்கக் கொடுங்கள். உங்கள் மகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டால், "ஒண்ணும் ஆகாதும்மா" என்று இருபது தடவை சொல்லாதீர்கள். ஒரு தடவை தெளிவாகச் சொல்லிவிட்டு, "நோட்டுல எழுதியிருக்கு, பாரு" என்று விடுங்கள். கிளம்பும் நேரத்தைக் கடைசி நிமிடத்தில் மாற்றாதீர்கள்; "அப்படியே சித்தி வீட்டுக்கும் ஒரு எட்டு போயிட்டு வந்துடலாம்" என்ற ஒரு வாக்கியம் ஒரு மாத முன்னேற்றத்தை அழித்துவிடும். சின்ன மாமா பையனோடு ஒப்பிடாதீர்கள். குலதெய்வம் கோயிலுக்குக் கூட்டிப் போகவேண்டும் என்றால் கூட்டம் இல்லாத நாளில் போங்கள். ஆடித் திருவிழாவில், குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே நிறுத்தி மந்திரித்தால் குணமாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று ஆட்டிசத்தை மறைப்பதையும் யோசித்துப் பாருங்கள். மறைத்து வைத்ததை உங்கள் மகள்தான் தினமும் சுமந்து நடிக்கவேண்டியிருக்கும்.

எப்போது மருத்துவரிடம் போகவேண்டும்? இரண்டு மூன்று மாதம் இப்படிச் செய்தும் கேட்டைத் தாண்ட முடியவில்லை என்றாலோ, தூக்கமும் சாப்பாடும் கெட்டுவிட்டது என்றாலோ காத்திருக்கவேண்டாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் சி.பி.டி. பதற்றத்துக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் ஆட்டிசத்துக்கு ஏற்ப மாற்றித் தரவேண்டும்: எழுதிக் காட்டி, படம் போட்டு, உருவகப் பேச்சு இல்லாமல். "ஆட்டிசம் உள்ள பெரியவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். மருந்து தேவைப்பட்டால் பயப்படவேண்டாம். பக்கவிளைவு உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகத் தெரியலாம் என்பதால் குறைந்த அளவில் தொடங்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே வீட்டில் ஒருவரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பட்டியலிடும் 21 வகை மாற்றுத்திறன்களில் ஆட்டிசமும் ஒன்று. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் மூலம் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதமாவது சான்றளிக்கப்பட்டிருக்கவேண்டும். அட்டை இருந்தால் சாதாரண டவுன் பஸ்ஸில் உங்களோடு துணைக்கு வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை, அப்பா கூட வந்து பழக்கும் காலத்துக்கு அது உதவும். வாங்குவதும் வேண்டாம் என்பதும் உங்கள் முடிவு, வயது வந்தவர் நீங்கள்.

கடைசியாக டேலி வகுப்பு. வீட்டிலிருந்தே ஆன்லைனில் படித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம், இப்போதே தொடங்குங்கள். பாடம் பிடிபட்டுவிட்டால் வகுப்புக்குப் போகும்போது ஒரு கவலை குறையும். ஆனால் வெளியே போகும் பயிற்சியை அதற்காக நிறுத்தக்கூடாது, இரண்டும் தனித்தனியாக ஓடட்டும். நேரில் சேரும் நாள் வரும்போது, அப்பா முதலில் போய்ப் பேசட்டும், அல்லது நீங்களே ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்புங்கள்: சுவரோர நாற்காலி வேண்டும், இயர்பிளக் போட்டுக்கொள்வேன், சொல்லிக் கொடுத்ததை எழுதியும் தரவேண்டும், தேவைப்பட்டால் ஐந்து நிமிடம் வெளியே போய் வருவேன். பதினொரு மணி பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். முழுக் கட்டணத்தையும் முதல் நாளே கட்டாதீர்கள். கட்டிய பணம் வீணாகுமே என்ற கவலை உங்கள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். முதல் வாரம் அரை மணி நேரம் மட்டும் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று சொன்னால் நல்ல ஆசிரியர் ஒத்துக்கொள்வார். ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெரியார் பக்கத்தில் டேலி சொல்லிக் கொடுக்க வேறு இடங்கள் இருக்கின்றன.